மஞ்சள் காரின் கீழுதடு

என் மகன் வாங்கிய மஞ்சள் கார், எங்கள் ஊருக்குள் நுழைந்த முதல் நாளே தன் கீழுதட்டைப் பறிகொடுத்தது. சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு கீறல் இல்லாமல் வந்த வண்டி அது. மணமேல்குடி தாண்டி, பெரிய சாலையை விட்டு எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில், பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதை அரசாங்கம் போடவில்லை. கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டபோது மிஞ்சிய கான்கிரீட்டை வீணாக்க வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் நாங்களே கொட்டிக் கட்டினோம். “இன்னும் ரெண்டு சட்டி போடுங்கப்பா, பத்தாது” என்று அன்றைக்குச் சொன்னவள் நான். இதை என் மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

‘டப்’பென்று ஒரு சத்தம். அவன் இறங்கிப் போய்க் கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கினான். கறுப்பாக, கோரைப்பாய் பின்னியதுபோல வரி ஓடிய துண்டுகள். கையில் எடுத்தால் கனமே இல்லை. கார்பன் ஃபைபர், உலகத்திலேயே உறுதியான சாமான் என்றான். நான் அந்தத் துண்டுகளைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் இரும்புக் கதவைத் திறந்துவிட்டேன். அது சத்தமே இல்லாமல் திறந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் கிறீச்சிடும், தளத்தில் உரசும். எங்கள் கதவு மட்டும் பூனை மாதிரிப் போகும், வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறேன், அதுதான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன்.

உடைந்த சாமானுக்கு ஸ்பிளிட்டர் என்று பெயராம். காரின் முன்பக்கத்துக்கு அடியில் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது கீழுதடாகத்தான் தெரிந்தது, அப்படியே கூப்பிட்டேன்.

“ஆத்தா, அது எதிர்காத்த ரெண்டாப் பிரிச்சு வண்டியத் தரையோட அமுக்கிப் பிடிக்கும். இல்லாட்டி எறநூறு கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் தூக்கிரும்.”

“எங்கிட்டுடா எறநூறு போவ?”

எங்கள் தெருவில் ஒரு கோழி குறுக்கே வந்தால் அது யோசித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும்.

“அப்பக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டேன்.”

“அதுக்குப் பின்னாடிதான் ஆத்தா ரேடியேட்டரு இருக்கு. உதடு இல்லேன்னா மேடு நேரா அதுல இடிச்சிரும். தண்ணி பூரா ஊத்திப்போயி வண்டி நடுரோட்டுல நின்னுரும்.”

நடுரோட்டில் நிற்பது சும்மா ஒரு பேச்சு இல்லை. என் பேத்தியின் கல்யாணத்துக்கு அப்போது நாற்பது நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு இவன் வாக்குக் கொடுத்திருந்தான்: கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு இந்த மஞ்சள் காரில்தான், வண்டியை நானே ஓட்டுவேன் என்று. மாப்பிள்ளைப் பிள்ளையும் காரின் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டது. பிள்ளையார் கோயிலில் ஏறி, ஊர் வழியாகக் கடற்கரை ஓரத்து மண்டபத்தில் இறங்க வேண்டும். நடுவே ஐந்து வேகத்தடை. முதல் தெருக்காரர்கள் ஒன்று கட்டியதைப் பார்த்து இரண்டாம் தெருக்காரர்கள் அதைவிட உயரமாகக் கட்டினார்கள். ஐந்தாம் தெருவில் கட்டியிருப்பதை வேகத்தடை என்று சொல்வதைவிட வரப்பு என்று சொல்லலாம். காருக்கும் தரைக்கும் இருந்த இடைவெளி என் கையால் நாலு விரல்.

என் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் வளைகுடாவில் ஒரு முதலாளிக்கு இருபது வருஷம் கார் ஓட்டினான். எல்லாம் இந்த மாதிரித் தரையோடு கிடக்கும் கார்கள். மீன் குழம்பு வாசம் வண்டிக்குள் வரக்கூடாது என்று, சோற்றுத் தூக்கை வெளியே வெயிலில் வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவானாம். இறங்கி ஓடிப்போய் அடுத்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டே அவனுக்கு நாற்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. அதனால்தான் யாரோ ஓட்டிச் சலித்துப்போய் விற்ற காரை வாங்கி வந்தான். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஒரு சாயங்காலம், சம்பந்தி வீட்டார் பார்க்க, தன் காரில் தன் மருமகனை உட்காரவைத்து அவன் ஓட்டியாக வேண்டும். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததாக அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த உதடு பார்சலில் வந்தது. நீளப் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை. தெருவே கூடி, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தது. கறுப்பு பிளாஸ்டிக். மூன்றாவது மேட்டில், திருகாணி போட்ட ஓட்டைகளிலிருந்து கீறல் விட்டு இரண்டாகப் பிளந்தது. பிறகு அறந்தாங்கியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவரிடம் சொல்லி, அலுமினியத் தகட்டில் ஒன்று வெட்டி வந்தான். பார்க்க அம்சமாக இருந்தது, உடையவும் இல்லை. ஆனால் இரண்டாவது மேட்டில் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. வாசலில் அந்தக் கார் ஒரு வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றது. மாமியார் வீட்டுக்கு இஷ்டமில்லாமல் வந்தவள் மாதிரி.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஜெகதாப்பட்டினம் துறையில் முப்பது வருஷம் மீன் ஏலத்தில் நின்றவள். படகின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினால், அது இன்னும் எத்தனை நாள் கடல் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். துறையில் பெரிய ஆண்பிள்ளைகளே என்னைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஆகவே சொன்னேன்:

“மெட்ராஸ்ல, பார்சல்லன்னு எங்கெங்கயோ தேடுறியே. அலையில குத்திக் குத்தி ஓடுற சாமான் நம்ம துறையிலதானே இருக்கு? ஃபைபர் படகு கட்டுறவர்ட்டப் போவோம் வா.”

படகு கட்டுகிறவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார். காரைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“காத்தப் பிரிக்கணும், அம்புட்டுத்தானேக்கா? தண்ணியப் பிரிக்கிறவனுக்குக் காத்து ஒரு வேலையா? நான் கட்டுன படகு ஒண்ணு புயல்ல கரையேறிப் போயி பனைமரத்துல முட்டுச்சு. மரந்தான் சாஞ்சுச்சு.”

“அண்ணே, மெலிசா இருக்கணும். தட்டையா இருக்கணும்” என்றான் மகன்.

“தட்டையா இருந்தா அலையில மூக்குக் குத்தும் தம்பி.”

“காருக்கு ஏதுண்ணே அலை?”

“உங்க ஊருல அஞ்சு அலையக் கட்டி வச்சிருக்கீங்களே, நான் பாக்கலையா? அக்கா, நீங்க சொல்லுங்க, மெலிசா வைக்கவா, மொத்தமா வைக்கவா?”

“மொத்தமாவே வைங்க” என்றேன் நான்.

அவர் படகுக்குப் போடும் ஃபைபரிலேயே ஆறு அடுக்கு வைத்தார். படகின் மூக்கான அணியத்தைப்போல முன்புறம் லேசாகத் தூக்கியும் வைத்தார். ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, படகுக்குப் போடும் போல்ட்டு எட்டு போட்டு முறுக்கினார். அதைத் தூக்கி வர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மாட்டி முடித்ததும் நான் விரல் வைத்துப் பார்த்தேன். உதட்டின் கனத்தில் முன்பக்கம் தணிந்து, இடைவெளி மூன்று விரலாகிவிட்டது. ஒரு விரல் போனால் போகிறது, உறுதிதான் முக்கியம் என்று சொன்னேன். நானே சொன்னேன்.

சோதித்துப் பார்க்கக் காரை எடுத்தான். நான் முன்னாலேயே நடந்து போய் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டேன். முதல் மூன்று மேட்டிலும் கல்லை இழுப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். என் பக்கத்தில் நின்ற பெண்களிடம், “பாத்தீங்களாடி?” என்றேன். நாலாவது மேட்டில் வண்டி நின்றது. அவன் பின்னால் எடுத்தான். கார் வந்தது. உதடு வரவில்லை. உதடு அந்த மேட்டைக் கவ்விக்கொண்டு அங்கேயே இருந்தது. எட்டு போல்ட்டும் முறுக்குக் குலையாமல், பம்பர் முழுசும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காரின் முன்பக்கம் பல்செட்டைக் கழற்றி வைத்த கிழவர் மாதிரி ஆகிவிட்டது.

செய்தி கேட்டுப் படகு கட்டுகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். குனிந்து அந்த உதட்டைத் தடவினார்.

“பாத்தீங்களாக்கா? ஒரு கீறல் இருக்கா சொல்லுங்க?”

இல்லைதான். அந்த மனிதர் கொடுத்த வாக்கில் ஒரு சொல் பிசகவில்லை.

மகன் என்னைத் திட்டவில்லை. பம்பரைத் தூக்கி ஒரு சுமை ஆட்டோவில் வைத்துக் கயிறு கட்டினான். கட்டி முடித்துவிட்டு, “ஒனக்கு எல்லாந் தெரியும் ஆத்தா” என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் பதிலுக்கு நான் நாலு சொல் சொல்லியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

பம்பரை அறந்தாங்கிக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்து எடுத்துவந்தபோது கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். அன்றைக்கென்று பார்த்துச் சம்பந்தி போனில் கூப்பிட்டார். “வண்டி ரெடிதானே சம்மந்தி? எங்க சனமெல்லாம் அதப் பாக்கணும்னுதான் கெடக்குது.” இவன், “ரெடியா நிக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துபோனான்.

என் மருமகள் அதிகம் பேசமாட்டாள். இத்தனை நாள் நடந்த கூத்தில் அவள் வாயே திறக்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அத்தை, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

இப்படிக் கேட்டால் கோபப்பட வேண்டிய விஷயம் வருகிறது என்று அர்த்தம். “சொல்லு” என்றேன்.

“கேட்டுக்கிட்ட வாங்க. அவுகளையும் கூப்புடுங்க.”

மூன்று பேரும் கதவருகே போனோம். அவள் குத்தவைத்து உட்கார்ந்து கதவின் அடிவிளிம்பைக் காட்டினாள். அங்கே ஒரு சாண் அகலத்துக்கு நீல பிளாஸ்டிக் பட்டை ஒன்று, கதவின் நீளம் முழுக்க, சின்னச் சின்னத் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பத்துத் தடவை நான் திறக்கிற கதவு. அப்படி ஒரு பட்டை இருப்பது எனக்குத் தெரியாது.

“மூணு வருசமாச்சு. தளம் ஒரு பக்கமா மேல எந்திரிச்சு, கதவு இடிக்க ஆரம்பிச்சுது. பழைய தண்ணி டிரம்ம அறுத்து அடியில வச்சேன். இரும்பு இடிக்காம இதுதான் உரசும். உரசுனா வளையும், தாண்டுனதும் நிமிந்துக்கும். இம்புட்டு நாளுக்கு ஒரு நூல்கூடத் தேயல.”

மகன் தரையில் படுத்துவிட்டான். கதவை இழுத்தான், தள்ளினான், இழுத்தான். இருபது தடவையாவது இருக்கும்.

“யாரு வச்சது இத?”

“நாந்தாங்க.”

“எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே.”

“வாரத்துக்கு ஒருதடவ போன் பேசுவீங்க. அதுல கதவப் பத்தி என்னத்தப் பேச?”

எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப நான் விடுற எண்ணெய்?”

“அதுவும் நல்லதுதான் அத்தை” என்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபது வருஷம் அவன் ஊரில் இல்லாதபோது இந்த வீட்டில் மோட்டார் ஓடியது, குழாய் ஒழுகாமல் இருந்தது, ஓடு மாறியது, ஃபேன் சுற்றியது. அவையெல்லாம் தானாக நடக்கின்றன என்று அவன் நினைத்திருந்தான். நான் பார்த்துக்கொள்வதால் நடக்கின்றன என்று நான் நினைத்திருந்தேன்.

மறுநாளே துறையிலிருந்து ஒரு பழைய நீல டிரம் வந்தது. மருமகள் ரம்பத்தால் அறுத்தாள். வளைந்திருந்த பிளாஸ்டிக்கைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தட்டையாக்கி, மேலே நெல் மூட்டையும் அம்மிக்கல்லும் ஏற்றிவைத்தாள். இரண்டு பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உடைந்த கார்பன் துண்டுகளைச் சேர்த்து வைத்து அளவெடுத்து வெட்டினாள். மாட்டும்போதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம்.

“எட்டு போல்ட்டுப் போடுவோம். நல்லா இறுக்கி நிக்கும்.”

“இறுக்கி நின்னதுதாங்க போன தடவ வம்பாப் போச்சு. நாலு சின்ன ஆணி போதும். ஓட்டையையும் கொஞ்சம் நீளமா விடுங்க, அசைஞ்சு குடுக்கட்டும். பலமா இடிச்சா ஆணி தெறிச்சுப் போகட்டும், பம்பர் போகக்கூடாது.”

போன தடவை யாருடைய யோசனை என்பதை அவள் சொல்லவில்லை. இருவருமே என் பக்கம் திரும்பவில்லை. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அதைக் கவனமாக உருவினேன்.

நாலு ஆணிதான் போட்டார்கள். ஐந்து மேட்டிலும் மும்முறை ஏற்றி இறக்கிப் பார்த்தாயிற்று. ‘சர்ர்’ரென்று உரசும், வளையும், நிமிரும். ஆனாலும் என் மகனுக்கு மனசு ஒப்பவில்லை. மஞ்சள் காருக்கு நீல உதடா என்று கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்தான்.

“அதுல பெயிண்டு நிக்காதுங்க. கதவுல நான் அடிச்சுப் பாத்துட்டேன்” என்றாள் அவள்.

அவன் அடித்தான். இரண்டு கோட்டு. பளபளவென்று இருந்தது. கேட்டவர்களிடம் ‘ஃபாரின் மெட்டீரியல்’ என்று சொன்னான். ஊரும் நம்பியது, வளைகுடாவில் இருந்து வந்தவன் சொன்னால் நம்பத்தான் செய்யும்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசலில் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை ஏறினார். என் மகன் புது வேட்டி சட்டையில் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான். அதற்கு முன்னால் கதவை மட்டும், பழக்கதோஷத்தில், அவனே ஓடிப்போய் மாப்பிள்ளைக்குத் திறந்துவிட்டிருந்தான். மேளம் முன்னால் போனது. சீர்த்தட்டோடு பெண்கள் இருபுறமும் நடந்தோம். நான் காரின் மூக்குக்கு நேராக நடந்தேன். கூட்டம் மாப்பிள்ளையைப் பார்த்தது; நான் உதட்டைப் பார்த்தேன்.

முதல் மேடு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் விளிம்போரம் கறுப்பு, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரிச் சுருண்டது. நாலாவதில் ஒரு முழம் உரிந்து தொங்கியது. ஐந்தாவது, அந்த வரப்பை வண்டி கோணலாக ஏறி இறங்கியபோது, மிச்சமும் உரிந்து ரோட்டில் விழுந்தது. உதடு நிமிர்ந்து நின்றது. அப்பட்டமான நீலம். பார்த்த உடனே துறையில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும், அது என்ன நீலம் என்று.

மண்டபத்து வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா முன்னால் வந்து, கூட்டாளிகளிடம் காரைக் காட்டினார். காட்டியவர் கண் கீழே போனது. வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். நகத்தால் சுரண்டினார்.

“சம்மந்தி, இது என்னது?”

என் மகன் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஃபாரின் என்று சொல்ல வாய் எடுத்ததும், சொல்ல முடியாமல் மூடியதும் எனக்குத் தெரிந்தது. முதலாளி முன்னால் நிற்பதுபோல இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டான். அதை நான் பார்க்கப் பொறுக்கவில்லை.

“டிரம்முங்க தம்பி” என்றேன். “எங்க மருமக அறுத்து வச்சது. இதுக்கு முன்னாடி நாலு தினுசு உதடு வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணு நொறுங்குச்சு, ஒண்ணு பிளந்துச்சு, ஒண்ணு கோணிக்கிச்சு. நாலாவது ஒண்ணு பம்பரையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு.” ஒரு மூச்சு விட்டு அதையும் சொன்னேன்: “அந்த நாலாவது, நான் வச்சது.”

அவர் என்னைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். ஒரு கையால் அதைப் பிடித்து வளைத்து விட்டார். அது டங்கென்று நிமிர்ந்தது.

“பெரியம்மா, நம்ம ஐஸ் கம்பெனியில ஐஸ் கட்டி வழுக்கிவிடுற சறுக்குல மரம் வச்சுப் பாத்தேன், தகரம் வச்சுப் பாத்தேன். கடைசியில டிரம்மத்தான் அறுத்து அடிச்சிருக்கேன். வருசம் ஏழாச்சு.” என் மகன் தோளைத் தட்டினார். “அந்தக் கறுப்ப மட்டும் ஏன் சம்மந்தி பூசுனீங்க? இதுல நிக்காதுல்ல? பாக்கியச் சுரண்டி விட்டுருங்க.”

என் மகன் கட்டிய கையை அவிழ்த்தான். அதற்குள் மருமகள் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்குச் சுற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே, தட்டைக் கொஞ்சம் தணித்து அந்த உதட்டுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் அவன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போனான். நீல உதடு அப்படியேதான் இருக்கிறது. காரில் இரண்டே இருக்கை. எனக்கு இடமில்லையே என்று இருவரும் வருத்தப்பட்டார்கள். நான் வருகிறேன் என்று சொல்லவே இல்லை. அவர்கள் போகும்போது கதவைத் திறந்துவிட்டேன். சத்தமில்லாமல் திறந்தது.

வெள்ளிக்கிழமை கீலுக்கு எண்ணெய் விடுவதை நான் நிறுத்தவில்லை. மருமகளும் ஒன்றும் சொல்வதில்லை. கிண்ணத்தில் எண்ணெய் தீர்ந்தால், அவளே நிரப்பி ஜன்னலோரம் வைத்துவிடுகிறாள்.